வாசகர் கேள்வி – பதில்: துணை ஊரில் இல்லாதபோது அடுப்படி யாருடையது?

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று கடிதங்கள் ஒரே சங்கடத்தைப் பேசுவதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். இரண்டு கடிதங்கள் பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலிருந்தும், ஒன்று ஆந்திரத்து நகரியிலிருந்தும் வந்தவை. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: அன்புள்ள அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். வயது 46. தேங்காய்க் களத்தில் வேலை. காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்ப முடியும். உடுமலைப்பேட்டையில் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. அவருக்கு என் மனைவி ஒரே மகள் என்பதால் ஐந்து வாரங்களாக அங்கேயே இருக்கிறாள். இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். இங்கே வீட்டில் சர்க்கரை நோயுள்ள என் தாயார், பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன், இரண்டு கறவை மாடுகள். முதல் வாரம் கடைச் சாப்பாட்டில் ஓடியது. அதன் பிறகு மகள் தானாகவே எல்லாவற்றையும் எடுத்துச் செய்ய ஆரம்பித்தாள். பிற்பகல் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுவதற்காக அவள் மதியத்தோடு பள்ளியிலிருந்து வந்துவிடுகிறாள் என்பது, வகுப்பாசிரியை அழைத்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மனைவியிடம் சொன்னால் அழுகிறாள். உடனே புறப்பட்டு வருகிறேன் என்கிறாள். என் அக்காவோ, ‘பெண் பிள்ளை வேலை பழகட்டும், நாளைக்கு ஆகும்’ என்கிறார். முழுநேரம் ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லை. இந்த இரண்டு மாதத்தை எப்படி ஓட்டுவது?

பதில்: ஐயா, நீங்கள் கடைசியில் கேட்டிருக்கும் கேள்விக்கு வருவதற்கு முன்பு, நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றிப் பேசவேண்டும். மகள் ‘தானாகவே’ எடுத்துச் செய்ய ஆரம்பித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பெண் பிள்ளையும் தானாகச் செய்வதில்லை. பாட்டி பசியோடு உட்கார்ந்திருப்பதும், தம்பி அழுக்குச் சட்டையோடு பள்ளிக்குக் கிளம்புவதும், மாடு கட்டுத்தறியில் கத்துவதும் அவள் கண்ணில் படுகின்றன. வேறு யாரும் எழுந்திருக்கவில்லை என்பதும் படுகிறது. அதனால் அவள் எழுந்திருக்கிறாள். அவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. நல்லேப்பிள்ளியில் நாங்கள் குடியிருந்தபோது, என் அம்மா கருப்பை அறுவைக்காகக் கோயம்புத்தூர் சென்று, அத்தை வீட்டிலேயே தங்கி உடம்பு தேறி வர மூன்று மாதமாயிற்று. அப்போது நான் பத்தாம் வகுப்பு. அப்பா மிகவும் நல்லவர். ஒருநாளும் என்னைச் செய் என்று சொன்னவர் அல்லர். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், ‘என் மகள் இருக்கும்போது எனக்கென்ன கவலை’ என்று பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமைதான் என் வாயைக் கட்டிப்போட்டது. விறகடுப்பில் சோறு கொதிக்கும்போது கணக்குப் புத்தகத்தை அரிசிப் பானையின் மேல் சாய்த்து வைத்துப் படிப்பேன். ஒருநாள் கஞ்சி வடிக்கும்போது தெறித்து, திரிகோணமிதிப் பாடத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காய்ந்த பின் பிரித்தால் எழுத்து கிழிந்து வந்தது. அந்தப் பாடம் எனக்குத் தெரியாமலே தேர்வுக்குப் போனேன். அப்பாவுக்கு இது கடைசிவரை தெரியாது. உங்கள் வீட்டில் வகுப்பாசிரியை அழைத்துச் சொல்லியிருக்கிறார். அது உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய உதவி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, நாளையிலிருந்து செய்யவேண்டிய முதல் காரியம், பிற்பகல் கறவையை மகளிடமிருந்து எடுத்துவிடுவது. நம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் பால் சொசைட்டியின் நேரம்தான் வீட்டின் கடிகாரம் என்பதை நான் அறிவேன். அந்த நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது. உங்கள் வேலை நேரத்தைப் பற்றிக் களத்து முதலாளியிடம் பேசிப் பார்த்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, பிற்பகலில் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று இரண்டு மாதத்துக்கு மட்டும் கேளுங்கள். மனைவிக்குப் பிரசவம் என்றால் கேட்கத் தயங்காத ஆண்கள், பால் கறக்க வேண்டும் என்று கேட்பதற்கு ஏனோ கூசுகிறார்கள். அது முடியவில்லையென்றால், பிற்பகலுக்கு மட்டும் கறவைக்கு ஓர் ஆளை மாதக் கூலிக்குப் பேசுங்கள். முழுநேர ஆளுக்கு வசதியில்லை என்பது சரி. ஆனால் பால் பணத்திலிருந்தே அந்த ஒரு வேளைக் கூலியைக் கொடுக்க முடியும், கொடுக்கவும் வேண்டும். பாலில் வருமானம் குறைகிறதே என்று பார்க்காதீர்கள். இத்தனை நாளும் அந்தக் கூலியைத்தான் உங்கள் மகள் பள்ளி நேரத்தால் கட்டிக்கொண்டிருந்தாள்.

காலைக் கறவை உங்களுடையது. மாடு ஆளை அறியும். புதுக்கை பட்டால் பாலை இழுத்துக்கொள்ளும். முதல் சில நாள்கள் மனைவி வழக்கமாக எந்த வரிசையில் தீவனம் வைத்து, கன்றை ஊட்டவிட்டு, மடி கழுவுவாரோ அதே வரிசையில் செய்யுங்கள். மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்ததும் பால் இறங்கும். அந்தச் சுரப்பு சில நிமிடங்களே நிற்கும் என்பதால், இடையில் தொலைபேசியை எடுக்காமல் ஒரே மூச்சாகக் கறந்து முடிக்க வேண்டும். பாதியில் விட்டுப் பால் மடியில் தங்கினால் மடிநோய்க்கு வழியாகும். அதன் மருத்துவச் செலவு இரண்டு மாத ஆள்கூலியைவிடக் கூடுதலாகிவிடும்.

அடுத்து உங்கள் தாயார். வீட்டு வேலைகளில் ஒத்திப்போட முடியாதது இது ஒன்றுதான். துணி ஒருநாள் அழுக்காகக் கிடக்கலாம், வாசல் பெருக்காமல் இருக்கலாம். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்ட முதியவருக்குச் சாப்பாடு தாமதமாகக் கூடாது. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் என்று தொடங்கும். வயதானவர்களிடம் வெறும் அசதியாகவும் குழப்பமாகவும் மட்டும் தெரிவதுண்டு. அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் பொறுத்துப் பார்த்து, தெளிந்ததும் சாப்பாடு கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108 ஐ அழையுங்கள். இதை உங்கள் பத்து வயது மகனுக்கும் சொல்லிக்கொடுத்து வையுங்கள். மாத்திரைகளை ஞாயிற்றுக்கிழமை இரவில் ஏழு நாளுக்கும் வேளைவாரியாகப் பிரித்துச் சிறிய டப்பாக்களில் போட்டு வைத்துவிட்டால், போட்டாரா இல்லையா என்ற சந்தேகம் எழாது. அம்மாவையே கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குத் தொல்லை தரக்கூடாது என்று, சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று சொல்லிவிடும் தாய்மார்கள் நம் ஊரில் அதிகம்.

சமையலைப் பற்றி நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. மகன் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டுக்கொள்வான்; கேரளத்தில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு வரை அது உண்டு. ஆகவே மதியத்துக்குத் தாயாருக்கும், மகளின் டப்பாவுக்கும், உங்களுக்கும் மட்டும் ஆனால் போதும். வாரத்தில் இரண்டு நாள் மாவு ஆட்டிவிட்டால் காலைப் பலகாரத்தின் பாரம் முக்கால் பங்கு தீர்ந்துவிடும். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். நான்கு மணி நேரமாவது ஊறவைத்து, மாலையில் வந்ததும் ஆட்டி, உப்புக் கரைத்து, பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்பி இரவு வெளியே வைத்துவிட்டு, பொங்கியதும் ஒரு பகுதியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். குக்கரில் பச்சரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர், புழுங்கலரிசிக்கு மூன்று பங்கு. உங்கள் வீட்டில் மட்ட அரிசி எனப்படும் கேரளத்துச் சிவப்புப் புழுங்கலரிசியென்றால் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை இன்னும் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். காலையில் வடித்த சோற்றை இரவுவரை அடுப்படியிலேயே வைத்திருந்து சூடாக்கிக் கொடுக்காதீர்கள். வெந்த சோற்றில் வளரும் ஒருவகை நுண்ணுயிரின் நச்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் அழிவதில்லை. மீந்ததை ஆறியவுடனே குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

உண்மையில் உங்களைத் திணறவைப்பது சமையலன்று. எது எப்போது தீரும், எது எந்தக் கிழமையில் வரும் என்பதையெல்லாம் உங்கள் மனைவி தலைக்குள் வைத்திருந்தார். அந்தக் கணக்கு இப்போது உடுமலைப்பேட்டையில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் எந்த நாள் வரும், வராத வாரத்தில் லாரித் தண்ணீருக்கு யாரிடம் சொல்லி வைக்க வேண்டும், பிளாஸ்டிக் கழிவைச் சேகரிக்க வீடு வீடாக வருகிற பஞ்சாயத்தின் ஹரித கர்ம சேனைப் பெண்கள் எந்தத் தேதியில் வருவார்கள், கேஸ் எப்போது பதிந்தது, ரேஷன் எப்போது வாங்க வேண்டும் என்பவை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மழை மறைவில் கிடக்கும் நம் கிழக்குப் பஞ்சாயத்துகளில் தண்ணீரைப் பிடித்துத் தேக்கிவைக்காமல் குடும்பம் நடத்த முடியாது. தேக்கிவைக்கும் தொட்டியையும் குடங்களையும் வாரம் ஒருமுறை வெறுமனே கவிழ்த்தால் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் கொசு தண்ணீரின் விளிம்பை ஒட்டிச் சுவரில்தான் முட்டையிடுகிறது, அது கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். உங்கள் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய் நாரை வைத்துத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார். நீங்கள் அதைச் சும்மா கழுவுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். பால் பாக்கெட், எண்ணெய்ப் பாக்கெட் உறைகளைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு, மாதம் 50 ரூபாயோடு சேனைப் பெண்களிடம் கொடுப்பதும் அப்படித்தான். ஐந்து வாரமாகக் கழுவாமல் சேர்ந்த உறைகள் இப்போது உங்கள் கொல்லையில் ஈ மொய்த்துக் கிடக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, மனைவியிடம் ஒரே ஒரு முறை, நிதானமாக உட்கார்ந்து பேசி, இவை அனைத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு உப்பு எங்கே, சீருடை எங்கே என்று நாளுக்கு நான்கு முறை அழைக்காதீர்கள். அவர் அங்கே ஒரு நோயாளியைத் தூக்கி உட்காரவைத்து, நடை பழக்கி, இரவில் எழுந்து கழிப்பறைக்கு அழைத்துப்போய்க்கொண்டிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு ஒருமுறை பேசுங்கள், பிள்ளைகளும் பேசட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை’ என்று நாம் அன்பாகத்தான் சொல்கிறோம். தாயின் படுக்கையருகே நிற்கும் மகளுக்கு அது, புறப்பட்டு வா என்ற கட்டளையாகவே கேட்கும். அவர் அழுவது அதனால்தான். ‘மாடு கறந்தேன், அம்மா மாத்திரை போட்டாயிற்று, பிள்ளை பள்ளிக்கு முழுநாளும் போகிறாள், நீ இருந்து பார்த்துவிட்டு வா’ என்று ஒரு வாரம் தொடர்ந்து சொல்லிப் பாருங்கள், அழுகை நிற்கும். ஞாயிறுகளில் முடிந்தபோது காலைக் கறவை முடித்துப் பொள்ளாச்சி வழியாகப் பேருந்து பிடித்துப் பிள்ளைகளோடு போய்வாருங்கள். போகும்போது விருந்தாளியாகப் போகாமல், அந்த வீட்டுத் துணியைத் துவைத்து, கடை கண்ணிக்குப் போய்வந்து, உங்கள் மனைவியை இரண்டு மணி நேரம் தூங்கவிட்டு வாருங்கள்.

உங்கள் அக்காவுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நான் சொல்லாமல் விட மனமில்லை. வேலை பழகுவது நல்லதே. அது மகனுக்கும் நல்லது. அவன் தன் தட்டைக் கழுவட்டும், வெங்காயம் உரிக்கட்டும், பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். மகளுக்கும் நாளில் அரை மணி நேர வேலை இருக்கட்டும். பழகுவதற்கும் பாரத்தைச் சுமப்பதற்கும் வேறுபாடு உண்டு. 2019 ஆம் ஆண்டில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்த பெண்கள் ஒருநாளில் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிட்டார்கள் என்று வந்தது. அந்த 97 நிமிடமும் எல்லா ஆண்களின் கணக்கன்று. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஒருநாளில் ஏதாவது ஒரு வீட்டு வேலையில் கைவைத்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். உங்கள் மனைவி விட்டுச்சென்ற 299 நிமிடம் உங்கள் வீட்டில் யார் தலையில் விழுந்தது என்பதை அக்காவிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். அவர் உதவ விரும்பினால், வாரத்தில் இரண்டு நாள் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அறிவுரையைவிட அது பயன்படும்.

மகளிடம் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். நீ செய்தது பெரிய உதவி, இனி இது என் வேலை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நடக்காமற்போன பாடங்களுக்கு என்ன செய்யலாம் என்று வகுப்பாசிரியையை நேரில் போய்க் கேட்டுவாருங்கள். அவளை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள்.

கேள்வி: வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன். திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்து, அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை இரவு வருவார். நானும் இங்கே ஒரு தையல் கூடத்துக்குப் போகிறேன். வாரம் முழுவதும் சேர்ந்த துணியை ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை துவைப்பதிலும் கறிச்சோறு ஆக்குவதிலுமே போய்விடுகிறது. பேசக்கூட நேரமில்லை. சொன்னால் சண்டை வருமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சொல்லிவிடுங்கள் அம்மா, எட்டாவது மாதத்தில் சொல்வது எளிது, எட்டாவது ஆண்டில் சொன்னால்தான் சண்டை வரும். தினமும் இரவு குளிக்கும்போது அன்றைய இரண்டு துணியை அலசிப் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகும். ஏழு நாள் வியர்வை ஊறிக் காய்ந்த காலரைத் தேய்க்க உங்களுக்கு அரை நாள் ஆகும். துணியும் அதனால் நைந்துபோகும். துவைப்பது யார் வேலை என்ற வழக்காக இதை எடுத்துப்போகாமல், ‘ஞாயிற்றுக்கிழமை எனக்கு உங்களோடு பேச வேண்டும், அதற்கு நேரம் வேண்டும்’ என்று உங்கள் கடிதத்தில் எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். கறிச்சோற்றை இருவரும் சேர்ந்து ஆக்கலாம். அவர் கறி வாங்கி வந்து நறுக்கித் தரட்டும், நீங்கள் மசாலா அரையுங்கள்.

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்கள் நகரியில் இருக்கிறோம். கணவர் குவைத்துக்கு ஓட்டுநர் வேலைக்குப் போய் ஒன்பது மாதம் ஆகிறது. நான் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறேன். ஏழாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் இரண்டு ஆண் பிள்ளைகள். சமையல், துணி எல்லாம் பழகியதுதான். அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலைகள்தான் என்னைக் கொல்கின்றன. கேஸ் கொண்டுவருகிறவர் கேட்கும் எண் குவைத்தில் இருக்கும் அவருடைய போனுக்குப் போகிறது. அவர் எடுக்காவிட்டால் சிலிண்டரைத் திருப்பிக் கொண்டுபோய்விடுகிறார்கள். மோட்டார் பழுதானால் ஆளை அழைத்தால் அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பணத்தை அவர் தன் அண்ணன் கணக்குக்கு அனுப்புகிறார்; நான் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அலுவலகங்களில் எல்லாம் தெலுங்கில் எழுதச் சொல்கிறார்கள். முடியவில்லை அம்மா.

பதில்: முடியவில்லை என்று நீங்கள் எழுதியதில் எந்தக் குறையும் இல்லை அம்மா. இரண்டு பேர் செய்த வேலையையும் ஒரு சம்பள வேலையையும் சேர்த்து ஒருவர் செய்யும்போது, எல்லாம் முன்பு போலவே நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. முதலில் நீங்கள் உங்களிடம் எதிர்பார்க்கக் கூடாது. தரையை வாரத்தில் இரண்டு நாள் துடைத்தால் போதும். மூன்று கூட்டுப் பொரியல் வேண்டியதில்லை. பெரியவன் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தண்ணீர் பிடிப்பதும், தன் துணியைத் துவைப்பதும், தம்பியின் டப்பாவைக் கட்டுவதும் அவனால் முடியும். பெண் பிள்ளை இல்லையே என்று நம் வீடுகளில் பெருமூச்சு விடுவார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் அதே இரண்டு கைதான்.

உங்கள் கடிதத்தில் மிகவும் கனமானது பணம் பற்றிய வரி. குடும்பத்தை நடத்துகிறவர் கையில் குடும்பச் செலவுக்கான பணம் நேரே வரவேண்டும். மைத்துனர் நல்லவராகவே இருந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவு பத்து மணிக்கு அவர் கதவைத் தட்டும் நிலையில் நீங்கள் இருக்கக் கூடாது. உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இல்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள். கணவரிடம் பேசும்போது அண்ணன் மீது புகாராகச் சொல்லாதீர்கள். மாதம் வாடகை இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு என்று கணக்கெழுதிப் படம் எடுத்து அனுப்பி, இந்தத் தொகையை மட்டும் என் கணக்குக்கு அனுப்பிவிட்டு மற்றதை உங்கள் விருப்பம்போல அனுப்புங்கள் என்று கேளுங்கள். இரண்டு மாதம் அப்படி நடந்துவிட்டால் அது வழக்கமாகிவிடும்.

மொழிச் சங்கடம் உங்கள் குற்றமன்று. 1960 ஏப்ரல் 1 ஆம் தேதி எல்லை மாறித் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, நகரி ஆந்திரத்திலேயே இருந்துவிட்டது; வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்குமாக வாழ்வது அன்றிலிருந்து உங்கள் ஊரில் பல குடும்பங்களுக்கு வழக்கம். உங்கள் பெரியவன் பள்ளியில் தெலுங்கு படிக்கிறான் என்றால், மின்கட்டண ரசீதிலும் ரேஷன் அட்டையிலும் எது பெயர், எது தொகை, எது கடைசித் தேதி என்று அவனிடம் கேட்டு அதன் மேல் தமிழில் பென்சிலால் எழுதிவையுங்கள். உங்கள் ஊரில் மின்கட்டணம் மாதந்தோறும் வரும் என்பதால், நான்கைந்து மாதத்தில் உங்களுக்கே பழகிவிடும். படிவங்களை நிரப்பித் தர வார்டுச் செயலகத்தில் கேட்கத் தயங்க வேண்டாம்; அந்தச் செயலகங்கள் 2019 இல் தொடங்கப்பட்டதே உங்களைப் போன்றவர்கள் அலையாமல் இருப்பதற்காகத்தான்.

மோட்டார் பழுதுக்கு ஆள் வருவதை யார் எப்படிப் பார்த்தாலும் பார்த்துவிட்டுப் போகட்டும். வீட்டில் தண்ணீர் வராவிட்டால் அவர்கள் கொண்டுவந்து ஊற்றப்போவதில்லை. ஆயினும் உங்கள் மன அமைதிக்காக, நம்பகமான ஒரு மின்பணியாளரையும் ஒரு குழாய்ப் பணியாளரையும் தெரிந்தவர்கள் மூலம் இப்போதே விசாரித்து, அவர்கள் எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள். பழுதான அன்று ஆள் தேடும்போதுதான் கண்டவரையும் அழைக்க நேரும். பிள்ளைகள் வீட்டிலிருக்கும் நேரத்தில் வரச்சொல்லுங்கள். பயப்படும்படி ஏதேனும் நடந்தால் அழைக்க 112 இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181.

இனி கேஸ். இணைப்பு உங்கள் கணவர் பெயரில் இருப்பதால், சிலிண்டர் கொடுக்கும்போது கேட்கும் எண் அவர் பதிந்துவைத்த கைப்பேசிக்குப் போகிறது. இணைப்பையே உங்கள் பெயருக்கு மாற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏஜென்சியில் பதிந்திருக்கும் கைப்பேசி எண்ணை மட்டும் உங்கள் எண்ணாக மாற்றச் சொன்னால், பதிவும் அந்த எண்ணும் உங்களுக்கே வரும். சிலிண்டர் வந்ததும் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று அந்த வரிசையில் கணக்கு. அது அந்தச் சிலிண்டரை மறுசோதனை செய்யவேண்டிய காலம். கடந்திருந்தால் வாங்காமல் திருப்பிவிடுங்கள். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்கள் கணவர் கடைசியாக எப்போது மாற்றினார் என்று அவரிடம் கேளுங்கள்; அவருக்கும் நினைவில்லையென்றால் புதிது வாங்கிவிடுவதே மேல். கேஸ் வாடை வந்தால் மின்விசிறிச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வந்து 1906 ஐ அழையுங்கள். ஏஜென்சிக்குப் போகும்போது கேஸ் புத்தகத்தையும், கணவரின் ஆதார் நகலையும், உங்கள் ஆதாரையும் எடுத்துச்செல்லுங்கள்; இன்னார் என் மனைவி, அவர் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள் என்று கணவரைக் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.